மாமியின் சூம் கமரா: வன்னியில் அன்றாடப் பாவனைக்கு உதவுமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான். கனடாவிலிருந்து வந்த மாமி, தன் லாச்சிக்குள் பல வருடமாகக் கிடந்த ஒலிம்பஸ் மியூ சூம் 140 கமராவையும் இரண்டு பிலிம் சுருளையும் உங்கள் கையில் தந்துவிட்டுப் போயிருக்கிறார். மல்லாவியிலிருந்து மாங்குளத்துப் பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வரும் நீங்கள், அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தினமும் படமெடுக்க ஆசைப்படுகிறீர்கள். பிலிமுக்கும் கழுவுவதற்கும் காசு செலவழிக்கத் தகுந்த கமராவா, இல்லை அலுமாரியில் நினைவுப்பொருளாக இருக்க வேண்டியதா?

செலவழிக்கத் தகும். ஆனால் முகப்பில் எழுதியிருக்கும் 140 என்ற எண்ணை நம்பிச் செலவழிக்காதீர்கள். வில்லை (லென்ஸ்) உள்ளே சுருங்கி நிற்கும்போது அது 38 மில்லிமீற்றர், முழுவதும் நீண்டு தூரத்தை அருகே இழுக்கும்போது 140. இதை ஒரு 38 மில்லிமீற்றர் கமரா என்றே நினைத்துக்கொள்ளுங்கள். மிச்சச் சூம் மேலதிகமாகக் கிடைத்தது. கிளிநொச்சியில் ஸ்ரூடியோ வைத்திருந்த காலத்தில் என் மேசைக்கு வந்த மங்கிய படங்களில் பெரும்பகுதி இந்த ஒரு விடயத்தை யாரும் சொல்லிக் கொடுக்காததால் வந்தவை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கையடக்கமான சூம் கமரா என்ற எண்ணம் 1986இல் வந்த பென்ராக்ஸ் சூம் 70 உடன் தொடங்கியது. அதற்கு 35இலிருந்து 70 வரைதான். பிறகு நிறுவனங்களுக்குள் எண் போட்டி மூண்டது. 105, 115, 140, 160 என்று ஏறி 200 வரைக்கும் போனது. கடைக்கு வந்தவர்களும் பெரிய எண்ணைக் கேட்டுத்தான் வாங்கினார்கள். எண் கூடக்கூட என்ன குறைந்தது என்பதைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எவரும் அச்சிடவில்லை. குறைந்தது வெளிச்சம்.

உங்கள் கமராவின் வில்லையைச் சுற்றிப் பொடி எழுத்தில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும்: 4, 11. வில்லை உள்ளே ஒடுங்கி 38இல் நிற்கும்போது அதன் துவாரம் எஃப் 4. முழுவதும் நீண்டு 140இல் நிற்கும்போது எஃப் 11. எஃப் எண் என்பது வில்லையின் குவியத்தூரத்தை, அதாவது 38, 140 என்ற அந்த மில்லிமீற்றர் எண்ணை, துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவது. 140ஐ 11ஆல் வகுத்தால் 13 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அந்த நீளத்திலும் எஃப் 4 வேண்டுமென்றால் 35 மில்லிமீற்றர் அகலக் கண்ணாடி தேவை. அவ்வளவு பெரிய கண்ணாடி இந்தச் சின்னக் குழாய்க்குள் எப்படி அடங்கும்? எஃப் 4இலிருந்து 5.6, 8, 11 என்று மூன்று படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகிறது. முடிவில் பிலிமை அடைவது எட்டில் ஒரு பங்கு.

இதோடு இன்னொன்றும் சேருகிறது. வில்லை நீள நீளக் கை நடுக்கம் பெருகித் தெரியும். குவியத்தூரம் எவ்வளவோ, அதன் கீழ் ஒன்று என்ற ஷட்டர் வேகமாவது (பிலிமில் வெளிச்சம் விழும் நேரம்) வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. 38க்கு ஒரு செக்கனில் நாற்பதில் ஒரு பங்கு போதும். 140க்கு நூற்று நாற்பதில் ஒரு பங்காவது வேண்டும். வெளிச்சம் எட்டில் ஒன்றாகக் குறையும் அதே இடத்தில் வேகம் மூன்றரை மடங்கு கூட வேண்டியிருக்கிறது.

இதை நம் இடத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். பங்குனி மாதத்து உச்சி வெயிலில், இரணைமடுக் குளக்கட்டில், ஐஎஸ்ஓ 200 பிலிமோடு (ஐஎஸ்ஓ என்பது பிலிமின் வேகம், எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்) 140இல் எடுத்தால் கமராவுக்கு ஐந்நூறில் ஒரு பங்கு செக்கன் கிடைக்கும். படம் கூராக வரும். அதே பிலிமோடு மார்கழி மாதத்து மூடிய வானத்தின் கீழோ பாடசாலை வேப்பமர நிழலிலோ எடுத்தால் கிடைப்பது அறுபதில் ஒரு பங்குதான். அதில் பிள்ளைகளின் முகம் இரட்டித்துப்போகும். பின்னேரம் ஐந்தரை மணிக்குப் பிறகு முழுச் சூமைத் தொடவே வேண்டாம்.

அதனால் நான் இந்த வகைக் கமராவைப் பயன்படுத்தும் விதம் இது. கமராவைத் திறந்தால் 38இலேயே நிற்கும், அங்கேயே விட்டுவிடுகிறேன். வயல், வீதி, வகுப்பறை, வீட்டு முற்றம் எல்லாவற்றுக்கும் அது போதும். ஒரு முகத்தை மட்டும் எடுக்கும்போது 70 அளவுக்கு நீட்டுகிறேன். 38இல் முகத்துக்கு மிக நெருங்கினால் மூக்குப் பெருத்துக் காதுகள் பின்வாங்கிவிடும். 70இல் முகம் முகமாகவே இருக்கும், வெளிச்சமும் இன்னும் மிச்சமிருக்கும். சரியாக 70 என்று காட்டும் குறி இதில் கிடையாது. சூம் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினால் பாதி வழியில் நிற்கும் என்பது இரண்டு நாளில் விரலுக்குப் பழகிவிடும். 140ஐ நல்ல வெயிலில் தேர் வரும்போதோ, குளத்தின் நடுவில் நிற்கும் தோணியை எடுக்கவோ வைத்திருங்கள்.

பிளாஷைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இரவுத் திருவிழாப் படங்கள் கருத்துப்போவது இதனால்தான். 38இல் பிளாஷ் 6 மீற்றர் வரை எட்டுகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். 140க்கு நீட்டினால் அதே பிளாஷ் 2 மீற்றருக்குச் சற்று மேல்தான் எட்டும். வட்டாப்பளைப் பொங்கலன்று சனத்துக்குப் பின்னால் நின்று, தூரத்தில் இருப்பவரைச் சூம் பண்ணிப் பிளாஷோடு எடுத்தால், முன்னால் நிற்பவரின் பிடரி வெள்ளையாகவும் எடுக்க நினைத்தவர் இருட்டாகவும் வருவார். இரவில் சூமை முழுவதும் உள்ளே எடுத்துவிட்டு, நான்கைந்து அடி முன்னே நடந்துபோய் எடுங்கள்.

பகலில் நிலைமை தலைகீழ். நண்பகலில் இங்கே வெயில் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. கண்குழியும் நாடிக்குக் கீழும் கறுத்துவிடும், வெள்ளைச் சேட் மட்டும் பளிச்சென்று எரியும். அப்போது பிளாஷைக் கட்டாயம் எரியும் நிலைக்கு மாற்றி, இரண்டு மீற்றருக்குள் நின்று எடுத்தால் கண்கள் உயிரோடு வரும். நம்மவர் தோல் நிறத்துக்கு இது பெரிய வித்தியாசம். பட்டப்பகலில் பிளாஷ் எதற்கு என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். கமராவை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிளாஷ் தானியங்கி நிலைக்குத் திரும்பிவிடுவது இந்த வகைக் கமராக்களில் பெரும்பாலானவற்றின் குணம். படமெடுக்க முன் சின்னத் திரையில் மின்னல் அடையாளத்தைப் பார்க்கும் பழக்கம் வரவேண்டும்.

இனிக் கமராவைச் சோதிப்பது. பிலிம் போடுவதற்கு முன் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். முதலில் பற்றரி அறை. இதற்கு வேண்டியது சிஆர்123ஏ என்ற 3 வோல்ற் லித்தியம் பற்றரி. சந்திக் கடையில் கிடைக்காது, கொழும்புக்குப் போகிறவரிடம் சொல்லி இரண்டாக வாங்குவியுங்கள். அதே அளவில் மீள்மின்னேற்றும் ரோர்ச் பற்றரி ஒன்று இருக்கிறது. அது அறைக்குள் பொருந்தும், கடைக்காரரும் போடலாம் என்பார். போடாதீர்கள். முழுவதும் மின்னேற்றினால் அது 4.2 வோல்ற் வரை கொடுக்கும், பழைய மின்சுற்று அதைத் தாங்காது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் சாதாரண ரோர்ச் பற்றரி வருவதே அரிது. பற்றரி இல்லாமல் இயங்கும் பழைய இயந்திரக் கமராக்களால்தான் அன்று தொழில் ஓடியது. உங்களுடையது அப்படிப்பட்டதல்ல, பற்றரி தீர்ந்தால் ஒரு படம்கூட எடுக்காது. அதனால் ஒரு பற்றரி எப்போதும் பையில் இருக்கட்டும்.

பிறகு பின்கதவைத் திறந்து விளிம்பைப் பாருங்கள். கதவில் பிலிம் பெட்டி தெரிவதற்கு ஒரு சின்னக் கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதைச் சுற்றியுள்ள பஞ்சு பழையதாகி விரலில் கறுப்பாக ஒட்டினால் அந்த வழியாக வெளிச்சம் கசியும். கசிந்தால் படத்தில் செம்மஞ்சள் கோடு விழும். சாளரத்துக்கு மேல் கறுப்பு ரேப் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. அடுத்தது வில்லை. ரோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்தால், பூஞ்சணம் இருந்தால் சிலந்தி வலைபோல் கிளைவிட்டுத் தெரியும். ஓரத்தில் ஒரு புள்ளி இருந்தால் பயமில்லை. நடுவில் படர்ந்திருந்தால் சூரியனை நோக்கி எடுக்கும் படங்கள் பால் கலந்ததுபோல் வெளிறும். பிறகு சூமைப் பத்துத் தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒரே சீரான சத்தம் வரவேண்டும். இடையில் திணறினாலோ கரகரவென்று கேட்டாலோ உள்ளே மண் போயிருக்கிறது. கிரவல் வீதியில் ஓடுகிற நமக்கு இதுதான் முதல் எதிரி. நீண்டு சுருங்கும் குழாய், மூச்சிழுப்பதுபோல் தூசியை உள்ளே இழுக்கும். மூடியிருக்கும் கமராவை இன்னொரு துணிப்பைக்குள் போட்டே கைப்பையில் வையுங்கள். மழைத் துளிக்குத் தாங்கும் கமரா என்று அந்நாளில் விற்கப்பட்டதுதான், ஆனால் இத்தனை வருடத்துக்குப் பிறகு அதன் இறப்பர் விளிம்புகளை நம்பி நனைக்க வேண்டாம்.

பழுதானால் கழற்றிப் பார்க்க யாரிடமும் கொடுக்காதீர்கள். நீங்களும் திறக்காதீர்கள். பிளாஷுக்கு மின்சாரம் தேக்கும் பகுதியில் பற்றரியை எடுத்த பிறகும் சுமார் 300 வோல்ற் நிற்கலாம், கையைத் தூக்கி அடிக்கும். உதிரிப்பாகமும் இனி வராது. ஒலிம்பஸ் நிறுவனமே 2021 தொடக்கத்தில் கமராத் தொழிலை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு விலகிவிட்டது.

மாமி கொண்டுவந்த சுருள்களைப் பற்றி ஒரு கேள்வி. அவற்றை விமானத்தில் கைப்பையில் கொண்டுவந்தாரா, பெரிய பெட்டிக்குள் போட்டாரா? பெரிய பெட்டிகளுக்குப் பாய்ச்சும் எக்ஸ்-கதிர் மிகவும் பலமானது, கழுவாத பிலிமைப் புகை படிந்ததுபோல் மங்கச் செய்துவிடும். சில விமான நிலையங்களில் கைப்பைக்கும் இப்போது அந்தப் பலமான இயந்திரமே வந்துவிட்டது. பெட்டிக்குள் வந்திருந்தால் அந்தச் சுருள்களை முக்கியமான நாளுக்கு நம்ப வேண்டாம், சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது கொண்டுவந்தால், பிலிமைத் தனியாகத் தெளிந்த பொலித்தீன் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள்.

வாங்குவதென்றால் ஐஎஸ்ஓ 400 வாங்குங்கள். எஃப் 11 வரை இறங்கும் கமராவுக்கு 200 போதாது. வெயிலில் 400 அதிகமாகிவிடாதா என்று கேட்பீர்கள். நிறப் பிலிம் கூடுதல் வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறைந்த வெளிச்சத்தைத்தான் மன்னிக்காது. நிழலில் பதியாததைப் பிறகு யாராலும் கொண்டுவர முடியாது. பிலிம் பெட்டியின் உடம்பில் வெள்ளியும் கறுப்புமாகக் கட்டங்கள் இருப்பதையும் பாருங்கள். அதுதான் டிஎக்ஸ் குறியீடு, 1983இல் கொடக் கொண்டுவந்தது. கமரா அதைத் தொட்டுப் பார்த்துத்தான் பிலிமின் வேகத்தை அறிகிறது. மலிவென்று யாரோ கையால் சுற்றித் தரும் சுருளில் அந்தக் கட்டங்கள் இல்லாவிட்டால், இந்த வகைக் கமராக்கள் வழமையாக ஐஎஸ்ஓ 100 என்று எடுத்துக்கொள்ளும்.

சூடு இன்னொரு பகை. மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழ் உள்ள பெட்டி வெயிலில் அடுப்பாகிவிடும், அதற்குள் கமராவை விட்டுவிட்டு வகுப்புக்குப் போகாதீர்கள். பயன்படுத்தாத சுருளைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எடுத்தவுடன் மூடியைத் திறக்காமல் ஒரு மணித்தியாலம் வெளியே விடுங்கள், இல்லையென்றால் பிலிமில் நீர் வியர்க்கும். படமெடுத்து முடிந்த சுருளை மாதக்கணக்கில் வைத்திருக்காமல் கழுவக் கொடுங்கள்.

கழுவுவதற்குக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். சுருளின் விலை, கழுவும் கூலி, ஸ்கான் கூலி, கூரியர் எல்லாவற்றையும் கூட்டி 36ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு படத்துக்கு வரும் ரூபா உங்களுக்குத் தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாதம் ஒரு சுருள் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஒரு படத்துக்கு மேல் வருகிறது. அன்றாடம் எடுப்பதற்கு அது நல்ல அளவு என்பது என் எண்ணம். வீட்டிலேயே கழுவும் ஆசை வந்தால் கறுப்பு வெள்ளையில் தொடங்குவார்கள். அந்த மருந்துகளுக்கு 20 பாகை செல்சியஸ் என்று கணக்கு, நம் தாங்கித் தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடு. ஐஸ் கட்டிப் பாத்திரத்துக்குள் போத்தலை நிறுத்திக் குளிரவைக்க வேண்டும். நிறப் பிலிமைக் கழுவும் சி-41 முறைக்கு வேண்டியது 38 பாகை, நமக்கு அதை எட்டுவது சுலபம். கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருந்தால் காயும்போது பிலிமில் வெள்ளைப் பொட்டுகள் நிற்கும், கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர் எடுங்கள்.

முதற் சுருளை முழுக்கச் சோதனைக்குக் கொடுங்கள், மனம் நோகாமல். சாந்து பூசாத சீமெந்துக் கல் சுவர் ஒன்றின் முன் நின்று, முழங்கைகளை மோட்டார் சைக்கிள் இருக்கையில் ஊன்றி, 38இல் ஒன்று, நடுவில் ஒன்று, 140இல் ஒன்று. வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை. ஒரு முகம், பிளாஷோடும் இல்லாமலும். ஓடும் பஸ்ஸின் கண்ணாடிக்குள்ளிருந்து ஒன்று: இந்த வகைக் கமராக்களில் பல அகச்சிவப்புக் கதிரை அனுப்பித் தூரத்தை அளப்பவை, கண்ணாடி கண்டால் ஏமாந்து கண்ணாடியையே குவிக்கும். ஒவ்வொன்றையும் கொப்பியில் எண் போட்டு எழுதுங்கள்.

கழுவி வந்ததும் ஸ்கானைப் பார்க்க முன் நெகட்டிவை, அதாவது கழுவிய பிலிமை, தூக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓரத்தில் பிலிமின் பெயரும் எண்களும் அச்சிட்டிருக்கும். அந்த எழுத்துகள் தொழிற்சாலையில் பதிந்தவை, உங்கள் கமராவுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. எழுத்துகள் அடர்த்தியாக இருந்து படங்கள் மட்டும் மெலிந்திருந்தால் கமரா வெளிச்சம் போதாமல் எடுத்திருக்கிறது. எழுத்துகளே மங்கலாக இருந்தால் கழுவியதில் பிழை, கமராவைக் குறை சொல்லக் கூடாது. பழுதில்லாத எத்தனையோ கமராக்களை, இதைப் பார்க்கத் தெரியாமல், பழுதென்று ஒதுக்கியிருக்கிறார்கள்.

நெகட்டிவை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2009இல் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமிலிருந்து சனம் திரும்பி வந்த காலத்தில் ஒரு அம்மா ஸ்ரூடியோவுக்கு வந்தார். பொலித்தீன் பைக்குள் ஒரே ஒரு படம். யாரோ உறவுக்காரர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சின்னச் சூம் கமராவில் எடுத்த கலியாணக் கூட்டப்படம். கடைசி வரிசையில் இடது ஓரமாக அவருடைய மகன் நின்றான். முகம் என் சுண்டுவிரல் நகத்தளவு. அதைப் பெரிதாக்கித் தரச் சொன்னார், அவரிடம் மகனின் வேறு படம் இல்லை. எடுத்தவர் மண்டபத்தின் பின்னால் நின்று சூமை நீட்டி எடுத்திருக்கிறார். முன்வரிசை வெளிச்சமாக இருக்கிறது, பின்வரிசைக்குப் பிளாஷ் எட்டவில்லை, கை வேறு அசைந்திருக்கிறது. நெகட்டிவ் இருந்திருந்தால் நிழலுக்குள்ளிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்திருப்பேன். அது இல்லை. நான்கு தடவை செய்து பார்த்தேன். கண்ணும் புருவமும் ஒன்றாகக் கலந்தே வந்தன. அந்த அம்மா அதையும் வாங்கிக்கொண்டு போனார். ஐந்தடி முன்னால் வந்து, சூமை உள்ளே எடுத்து அழுத்தியிருந்தால் அந்த முகம் தெளிவாக இருந்திருக்கும். இன்றைக்கும் யாராவது சூமை நீட்டிக்கொண்டு பின்னால் நிற்பதைக் கண்டால் எனக்கு அந்த நகத்தளவு முகம்தான் நினைவுக்கு வருகிறது.

அதனால், கழுவித் தருகிறவரிடம் ஸ்கான் மட்டும் போதும் என்று சொல்லிவிடாதீர்கள். நெகட்டிவையும் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அதை ஆறாறு படமாக வெட்டி, நெகட்டிவ் உறைக்குள் போட்டு, மாதமும் இடமும் எழுதி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதியோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் அந்தப் பொதியை அடிக்கடி மாற்றுங்கள், ஈரம் ஏறினால் பூஞ்சணம் நெகட்டிவையும் விடாது. மழைக்காலத்தில் கமராவையும் அதே டப்பாவில் வைக்கலாம். படத்தின் மூலையில் திகதி பதியும் வசதி உங்கள் கமராவில் இருந்தால் முதலில் வருடத்தைச் சரிபாருங்கள். சில பழைய கமராக்களின் நாட்காட்டி 2019 உடன் முடிந்துவிடும். பிழையான வருடம் பதிவதைவிட அதை நிறுத்திவைத்துக் கொப்பியில் எழுதுவது நல்லது.

முதற் சுருள் கழுவி வந்ததும் அந்தக் கொப்பியையும் நெகட்டிவையும் எடுத்துக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் வாருங்கள். பழைய லைற் மேசை இன்னும் என்னிடம் இருக்கிறது. பெருக்காடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இரண்டாவது சுருளை எதற்குப் போடலாம் என்று சொல்கிறேன்.